மாவு மூட்டை கவுன் ஆன கதை

காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலில் பருப்பு போட்டு வைப்பதும், பழைய வேட்டியைக் கிழித்துக் கரித்துணி ஆக்குவதும் நம் வீடுகளில் யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் இல்லை. எதையும் உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிகிற நாடு என்று பெயர் வாங்கிய அமெரிக்காவிலும் இதே பழக்கம் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். அங்கே மாவும் கோழித் தீவனமும் துணி மூட்டைகளில் வந்தன. அந்த மூட்டையைப் பிரித்து சட்டை, கவுன், தலையணை உறை, கைக்குழந்தைக்கு இடுப்புத்துணி என்று தைத்து, கிராமப்புறத்தில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இந்தக் கதையில் விசேஷம் என்னவென்றால், பெண்கள் சிக்கனத்துக்காகச் செய்த இந்த வேலையை மில்காரர்கள் கவனித்துவிட்டார்கள். அதன் பிறகு மூட்டையும் மாறியது, சிக்கனத்தின் கணக்கும் மாறியது.

முதலில் மூட்டை எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அமெரிக்காவில் மாவு, சர்க்கரை, உப்பு எல்லாம் மரப் பீப்பாயில்தான் போகும். ஒரு மாவுப் பீப்பாயின் அளவு 196 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 89 கிலோ. உருட்டிக்கொண்டு போகலாம், தூக்க முடியாது. ஈரம் உள்ளே புகும், இடுக்கில் மாவு ஒழுகும். துணிப் பையில் போடலாமே என்றால், கையால் போட்ட தையல் அந்த எடையைத் தாங்காது. 1846இல் எலியாஸ் ஹோவ் என்பவர் பூட்டுத் தையல் போடும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் உறுதியான பை தைப்பது சாத்தியமானது. உள்நாட்டுப் போர் (1861-65) முடிந்து பஞ்சாலைகள் பெருகியதும் பீப்பாய் மெல்லப் பின்வாங்கியது. ஆனால் பழைய கணக்கு மட்டும் போகவில்லை. மூட்டையின் அளவு பாதிப் பீப்பாய் 98 பவுண்டு, கால் பீப்பாய் 49 பவுண்டு என்றே வெகுகாலம் இருந்தது!

பை தைப்பதே ஒரு தனித் தொழிலாகிவிட்டது. 1858இல் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய பெமிஸ் கம்பெனியும், அட்லாண்டாவில் இருந்த ஃபுல்டன் பை மற்றும் பஞ்சாலையும் அதில் பெரியவை. இவர்கள் தைத்த பை முரட்டுப் பருத்தித் துணி. வெள்ளை அல்லது பழுப்பு வெள்ளை நிறம். அதன்மேல் மாவு மில்லின் பெயரும் சின்னமும் பெரிதாக அச்சாகியிருக்கும். மில்லைப் பொறுத்தவரை அது வெறும் பொதி. சரக்கு போய்ச் சேர்ந்ததோடு அதன் வேலை முடிந்தது.

வீட்டில்தான் அதன் அடுத்த வேலை ஆரம்பிக்கும்.

மாவு தீர்ந்ததும் முதலில் நூலைப் பிரிக்க வேண்டும். மூட்டையின் வாயில் போட்டிருப்பது சங்கிலித் தையல். நம் ஊர் அரிசி மூட்டையில் இருப்பதும் இதே தையல்தான். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று கடைசி வரை பிரிந்து வந்துவிடும். தப்பான முனையைப் பிடித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக வெட்ட வேண்டியதுதான். அந்த நூலையும் எறிய மாட்டார்கள். உருண்டையாகச் சுற்றி வைத்து, பின்னல் வேலைக்கும் போர்வை தைக்கவும் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது மை. மில்லின் பெயர் இருக்கிற துணியில் சட்டை தைத்தால் ஊரே சிரிக்குமே! அச்சு இருக்கும் இடத்தில் பன்றிக் கொழுப்பையோ மண்ணெண்ணெயையோ தேய்த்து, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் வீட்டில் காய்ச்சிய காரச் சோப்பைப் போட்டுக் கொதிக்க வைத்து, பலகையில் வைத்துத் தேய்ப்பார்கள். ஒரு தடவையில் போகாது. 1935 வாக்கில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துவைக்கும் இயந்திரம் கிடையாது, பெரும்பாலான வீடுகளில் குழாய்த் தண்ணீரும் கிடையாது. கிணற்றிலிருந்து நீர் இறைத்து, அடுப்பு மூட்டிக் கொதிக்க வைத்து, கையால் தேய்த்துத்தான் அந்த "இலவசத் துணி" கிடைத்தது. முழுசாகப் போகாத எழுத்துள்ள துண்டுகள் உள்ளாடைக்குப் போகும். மில்லின் விளம்பரத்தைப் பின்பக்கம் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் அந்தக் காலத்துக் குடும்பங்களில் ஏராளம்.

ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு உபயோகம் இருந்தது. சர்க்கரை மூட்டையின் துணி கொஞ்சம் மென்மை, அது குழந்தைக்கு. மாவு மூட்டை பாத்திரம் துடைக்கவும் தலையணை உறைக்கும். 100 பவுண்டு தீவன மூட்டையைப் பிரித்துப் போட்டால் ஒரு கெஜத்துக்குச் சற்று அதிகமான துணி வரும். நான்கை இணைத்தால் படுக்கை விரிப்பு. புகையிலை வரும் சின்னஞ்சிறு பைகளைக்கூடப் பிரித்துச் சாயம் போட்டு ஒட்டுத்துணிப் போர்வையில் சேர்த்துவிடுவார்கள். சாயத்துக்கும் காசு செலவில்லை. வெங்காயத் தோல், வாதுமை ஓடு என்று கையில் கிடைத்ததை வைத்து முடித்துக்கொள்வார்கள்.

காலி மூட்டைக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை முதல் உலகப் போர் வேறு விதத்தில் காட்டியது. 1914இல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்துக்கொண்டதும் அந்த நாட்டில் பஞ்சம் வரும் நிலை. ஹெர்பர்ட் ஹூவர் (பின்னாளில் ஜனாதிபதி ஆனவர்) தலைமையில் ஒரு நிவாரணக் குழு அமைந்து, கப்பல் கப்பலாக அமெரிக்க மாவு போனது. மாவு போய்ச் சேர்ந்த பிறகு காலி மூட்டைகள் கவலை தந்தன. பருத்தி வெடிமருந்து செய்யப் பயன்படும், அது ஜெர்மன் படையின் கையில் சிக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு மூட்டையையும் கணக்கு வைத்துத் திரும்பப் பெற்றார்கள். பிறகு அவற்றைப் பெண்களின் தையல் கூடங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்தார்கள். பெல்ஜியப் பெண்கள் அதில் உடைகள் தைத்தார்கள். பலர் மில்லின் பெயரை அழிக்காமல் அந்த எழுத்தின் மீதே பட்டு நூலில் பூவேலை செய்து, நன்றியாக அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அயோவா மாநிலம் வெஸ்ட் பிராஞ்சில் உள்ள ஹூவர் நூலகத்தில் அந்த மூட்டைகளை இன்றும் பார்க்கலாம்.

இனி வியாபாரக் கதைக்கு வருவோம்.

பெண்கள் மூட்டையில் துணி தைக்கிறார்கள் என்பது மில்காரர்களுக்குத் தெரியாத ரகசியம் இல்லை. அதை ஒரு விற்பனை உத்தியாக மாற்றலாம் என்று தோன்றியதுதான் புதுசு. 1924இல் ஆசா பேல்ஸ் என்பவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மூட்டையையே உடைக்கு ஏற்ற துணியில் தைப்பது என்பதுதான் அந்த யோசனை. செயின்ட் லூயிஸில் இருந்த ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு மில் அந்த உரிமையைப் பெற்று, "ஜிங்காம் கேர்ள்" என்ற பெயரில் மாவு விற்றது. ஜிங்காம் என்பது கட்டம் போட்ட பருத்தித் துணி. மாவின் பெயரே துணியின் பெயர்! வாங்குகிறவர் மாவைப் பார்த்து வாங்குகிறாரா, துணியைப் பார்த்து வாங்குகிறாரா என்ற கேள்விக்கு இடமே வைக்கவில்லை.

1929 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் சரிந்தது. 1933 வாக்கில் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1929இல் பவுண்டுக்கு 16, 17 சென்ட் அளவில் விற்ற பருத்தி இரண்டு மூன்று வருடத்தில் 6 சென்ட் அளவுக்கு விழுந்தது. விலையைத் தூக்கி நிறுத்த ரூஸ்வெல்ட் அரசு 1933 கோடையில் ஒரு வேலை செய்தது. வயலில் நின்ற பருத்திப் பயிரை உழுது அழிப்பதற்கு விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. ஏறக்குறைய ஒரு கோடி ஏக்கர் பருத்தி அப்படி மண்ணுக்குள் போனது. அதே கிராமத்தில், வயலுக்குப் பத்தடி தள்ளி, அந்த விவசாயியின் மனைவி பிள்ளைக்குச் சட்டைத் துணி வாங்கக் காசில்லாமல் மாவு மூட்டையின் மையைத் தேய்த்துக்கொண்டிருந்திருப்பார். பருத்தி அதிகமாகிப் போனதால் வந்த வறுமைக்கு நடுவில் பருத்தித் துணிக்குப் பஞ்சம். பொருளாதாரப் பாடத்தில் தேவை என்ற சொல்லுக்கு "வாங்கும் சக்தியோடு கூடிய விருப்பம்" என்று ஏன் விளக்கம் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

பருத்தித் தொழிலுக்கும் பை கம்பெனிகளுக்கும் இந்தச் சிக்கனம் ஒரு வரமாகத் தெரிந்தது. தேங்கிக் கிடக்கும் பருத்திக்கு ஒரு போக்கிடம், வீட்டுப் பெண்ணுக்கு ஒரு துணி, மாவு மில்லுக்கு ஒரு கவர்ச்சி. 1930களில் மூட்டைகளில் பூப் போட்டார்கள், கோடு போட்டார்கள், புள்ளி வைத்தார்கள். வடிவமைப்பாளர்களைச் சம்பளத்துக்கு வைத்துப் புதுப் புது டிசைன்களைக் கொண்டு வந்தார்கள். மை தண்ணீரில் கரையும்படி மாற்றினார்கள். பிறகு மில்லின் பெயரைக் காகிதச் சீட்டில் அச்சடித்து ஒட்டினார்கள், நனைத்தால் உரிந்து வந்துவிடும். சில மூட்டைகளில் பொம்மை, ஏப்ரன், தலையணை உறை ஆகியவற்றின் வடிவத்தையே அச்சிட்டுக் கொடுத்தார்கள், கோட்டோடு வெட்டித் தைத்தால் போதும். எந்த மூட்டையில் என்ன தைக்கலாம் என்று சொல்லும் சிறு புத்தகங்களையும் பை தயாரிப்பாளர் சங்கம் வெளியிட்டது.

விளைவு கடையில் தெரிந்தது. முன்பெல்லாம் தீவனம் வாங்க ஆண்கள் போவார்கள், எந்தக் கம்பெனி தீவனம் என்று அவர்களே முடிவு செய்வார்கள். இப்போது மனைவி ஒரு துண்டுத் துணியைக் கையில் கொடுத்து, "இதே பூ இருக்கிற மூட்டையாகப் பார்த்து வாங்கி வாருங்கள்" என்று அனுப்பினார். கேட்ட மூட்டை எப்போதும் அடுக்கின் அடியில்தான் இருக்கும்! நூறு பவுண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்து எடுத்துக் கொடுத்த கடைக்காரர்கள் அலுத்துக்கொண்டார்கள். தீவனத்தின் தரம் பற்றிப் பேசப் பழகியிருந்த விற்பனையாளர்கள் ரோஜாப்பூ பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

ஆனால் ஒரே பூ உள்ள மூட்டைக்கு ஏன் இத்தனை பாடு? ஒரு பெரியவருக்குக் கவுன் தைக்க மூன்று மூட்டை வேண்டும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் பவுண்டு தீவனம் தின்னும். முப்பது கோழி வைத்திருந்தால் நாளைக்கு ஏழரை பவுண்டு. 100 பவுண்டு மூட்டை ஒன்று 13 நாள் வரும். மூன்று மூட்டை தீர 40 நாள். வீட்டுக் கோழிகள் மேய்ந்தும் வயிற்றை நிரப்பிக்கொள்ளும் என்பதால் உண்மையில் இன்னும் கூட நாளாகும். அதற்குள் கடையில் அந்த டிசைன் தீர்ந்து போயிருக்கும். ஆகவே ஒரே தடவையில் மூன்று மூட்டை வாங்க வேண்டும், அல்லது அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றிக்கொள்வது கிராமங்களில் ஒரு தனிப் பண்டமாற்றாகவே நடந்தது. மிஞ்சிய மூட்டைகளைப் பெண்கள் காசுக்கும் விற்றார்கள். கோழியும் முட்டையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பொறுப்பு, முட்டைக் காசு அவர் கையில் புரளும் காசு. மூட்டைத் துணியும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. வீட்டுக்காரரிடம் கேட்காமல் பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்க முடிந்தது என்பது அந்தப் பெண்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அதே கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 300 கோழி வைத்திருப்பவருக்கு நாலு நாளில் மூன்று மூட்டை காலி. வாரம் ஒரு கவுன்கூடத் தைக்கலாம். ஐந்து கோழியும் ஒரு பசுவும் வைத்திருக்கும் வாரக் குத்தகைக் குடும்பத்துக்கோ மாவு மூட்டைதான், அதுவும் எப்போதாவது. அதிகம் வாங்க முடிந்தவருக்கு அதிகத் துணி. வெற்று மூட்டையை வீணாக்காமல் வைத்துக்கொள்வது ஏழை வீட்டின் சிக்கனமாகத் தொடங்கியது. பூப் போட்ட மூட்டையை இன்னும் ஒன்று சேர்த்து வாங்குவதோ, இன்று கடையில் "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதைப் பார்த்து வாங்குவதற்கு வெகு அருகில் வந்துவிட்டது. பூ அச்சிடும் செலவை யாராவது ஏற்கத்தானே வேண்டும். அது தீவனத்தின் அடக்க விலையில் சேராமல் வேறு எங்கே போயிருக்கும்?

வீட்டுப் பெண்ணின் உழைப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. பையை நெய்து தைத்த தொழிலாளியின் உழைப்பு ஏறியது, ஆனால் மிகக் குறைந்த விலையில். மேலே சொன்ன ஃபுல்டன் பஞ்சாலையில் 1914 மே மாதம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தில் சேர்ந்தவர்களை வேலையை விட்டு நீக்கியதும், ஆலையின் அபராத முறையும்தான் அதற்குக் காரணங்கள். ஏறக்குறைய ஒரு வருடம் நடந்து தோல்வியில் முடிந்தது. 1933இல் அரசு கொண்டுவந்த விதியின்படி தென் மாநிலப் பஞ்சாலைகளில் குறைந்தபட்சக் கூலி வாரத்துக்கு 40 மணி நேர வேலைக்கு 12 டாலர். அதை ஈடுகட்ட ஆலைகள் ஒரே ஆளிடம் கூடுதல் தறிகளை ஒப்படைத்தன. 1934 செப்டம்பரில் லட்சக்கணக்கான பஞ்சாலைத் தொழிலாளர்கள் நாடு முழுவதும் வேலையை நிறுத்தினார்கள். ஜார்ஜியா மாநில கவர்னர் ராணுவச் சட்டம் போட்டார். மூன்று வாரத்தில் அந்தப் போராட்டமும் அடங்கியது. மலிவான மூட்டைத் துணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பூக்களைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறார்கள், இந்தப் பக்கத்துக்கு அவ்வளவாக வருவதில்லை.

இரண்டாம் உலகப் போர் மூட்டைத் துணிக்கு மேலும் மவுசு கூட்டியது. அதற்கு இந்தியாவும் ஒரு காரணம். அதுவரை தீவனத்திலும் தானியத்திலும் ஒரு பகுதி கல்கத்தாவிலிருந்து போன சணல் சாக்குகளில்தான் அடைக்கப்பட்டது. போரில் கப்பல் போக்குவரத்து குலைந்ததும் சணல் வரத்துக் குறைந்தது, அந்த இடத்தையும் பருத்தி மூட்டை பிடித்தது. இன்னொரு பக்கம் 1942இல் பெண்கள் உடைக்கு எவ்வளவு துணி உபயோகிக்கலாம் என்று அரசே அளவு வைத்தது. கடைத் துணி தட்டுப்பாடு. மூட்டையோ உணவுப் பொருள் அனுப்பத் தேவையானது, அதனால் தொடர்ந்து கிடைத்தது. அந்த வருட வாக்கில் சுமார் 30 லட்சம் பெண்களும் குழந்தைகளும் அச்சிட்ட மூட்டைத் துணியில் தைத்த உடை ஒன்றையாவது உடுத்தியிருந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. வசதியானவர்களும் அதில் அடக்கம். வறுமையின் அடையாளமாக இருந்தது தேசபக்தியின் அடையாளமாகிவிட்டது.

வெட்கம் என்பது விசித்திரமான விஷயம். 1920களில் எழுத்து தெரியாமல் தேய்த்து மறைத்ததை, 1940களில் போட்டி வைத்துப் பரிசு கொடுத்து மேடையேற்றினார்கள். 1938இல் தொடங்கிய தேசியப் பருத்திக் கவுன்சிலும் பை தயாரிப்பாளர் சங்கமும் சேர்ந்து, மூட்டைத் துணியில் தைக்கும் போட்டிகளைக் கண்காட்சிகளில் நடத்தின. பெண்கள் அதில் ஆசையாகக் கலந்துகொண்டார்கள்.

சங்கங்கள் இப்படிப் பரிசு கொடுத்ததற்கு வேறு அவசரமும் இருந்தது. போருக்குப் பிறகு பல அடுக்குக் காகிதப் பை வந்துவிட்டது. துணி மூட்டையைவிட விலை குறைவு, எலி கடித்தால் நஷ்டமும் குறைவு. திரும்ப வாங்கிச் சுத்தம் செய்து நிரப்பும் தொல்லையும் இல்லை. தீவன மில் தன் கணக்கைப் பார்த்தது. துணிக்காக மூட்டை வாங்கும் பெண்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். பலர் டவுனில் வேலைக்குப் போனார்கள், கடையில் தைத்த உடை மலிவாகக் கிடைத்தது, கோழி வளர்ப்பு பெரிய பண்ணைகளின் கைக்குப் போய்விட்டது. ஆயிரக்கணக்கான கோழி வைத்திருக்கும் பண்ணைக்கு மூட்டையில் என்ன பூ இருந்தால் என்ன?

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு கவுன் இருக்கிறது. கான்சாஸ் மாநிலத்தில் கால்டுவெல் என்ற சிறு ஊரைச் சேர்ந்த பெண் ஒருவர், 1959இல் அந்தப் பருத்தி மூட்டைத் தையல் போட்டிக்காகத் தைத்தது. அவர் தைத்த காலத்தில் போட்டி நடந்துகொண்டிருந்தது, பரிசும் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தீவனக் கடைகளில் பூப் போட்ட மூட்டை கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது.